கார் ஷோ கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்: ட்ரைவேலண்ட்டும் குரோம்தான்

கமிட்டி சார்களுக்கும் மேடம்களுக்கும்,

போன வாரம் நீங்க அனுப்புன சுற்றறிக்கைய படிச்சேன். வர்ற ஜனவரி ஷோவுக்கும் அதே ரூல்தான்னு போட்டிருக்கீங்க. பழைய ஹெக்ஸாவேலண்ட் முறைல, அதாவது குரோமிக் ஆசிட் டேங்க்ல, பண்ண குரோம தவிர வேற எதுவா இருந்தாலும் அது "மாற்றுப் பூச்சு", அதுக்கு புள்ளி கழிப்பீங்க, கஸ்டம் பிரிவுல, அதாவது வண்டிய இஷ்டத்துக்கு மாத்திக் கட்டறவங்க பிரிவுல, வண்டியோட அடிப்பக்கம் முழுக்க குரோம் பண்ணியிருந்தா கூடுதல் புள்ளி குடுப்பீங்க. இதப்பத்தி நாங்க நாலு பேர் சேந்து மார்ச் மாசம் குடுத்த லெட்டருக்கு இன்னிக்கு வரைக்கும் பதில் இல்ல. அதனாலதான் இப்போ எல்லாரும் படிக்கற மாதிரி எழுதறேன்.

நான் யாருன்னு சொல்லிடறேன். 1996ல, 17 வயசுல, ஒரு பிளேட்டிங் பட்டறைல, அதாவது கரண்ட் விட்டு உலோகப் பூச்சு ஏத்தற எடத்துல, ரேக் கட்டற வேலைக்கு சேந்தேன், டேங்க்ல முக்கற சாமான சட்டத்துல மாட்டற வேல. ரெண்டு வருஷத்துல குரோம் டேங்க்ல நிக்க விட்டாங்க. அந்த டேங்க் பக்கத்துலயே 14 வருஷம். இப்போ அம்பத்தூர் பக்கம் மூணு பேர வெச்சு சின்னதா பஃபிங் பட்டறை நடத்தறேன், பம்பர், ஹப்கேப், கிரில், டோர் ஹேண்டில்னு பழைய கார் சாமான நிமித்தி, தேய்ச்சு, பாலிஷ் போட்டு, பிளேட்டிங்குக்கு மட்டும் லைசென்ஸ் இருக்கற ஒரு யூனிட்டுக்கு அனுப்பி வாங்கறேன். அவங்க பண்றது ட்ரைவேலண்ட் குரோம், குரோமிக் ஆசிட் இல்லாத முறை. அப்போ இவன் அவன் தொழிலுக்காகத்தான் பேசறான்னு நீங்க நெனைக்கலாம், நெனைக்கறதுல தப்பும் இல்ல, அதனாலதான் அத மொதல்லயே சொல்லிட்டேன். ஆனா பாலிஷ் வேல எனக்கு எப்படியும் வரும், ஹெக்ஸ் டேங்க்குக்கு அனுப்புனாலும் அதே கூலிதான் எனக்கு.

இந்த ஜனவரில உங்க ஷோவுக்கு ஒரு 1974 மார்க் டூ அம்பாசிடர் வந்துச்சு, ஞாபகம் இருக்கும். திருவான்மியூர்ல இருக்கற ஒரு ரிட்டயர்ட் டீச்சரம்மாவோட வண்டி, அவங்க வீட்டுக்காரர் ஓட்டுனது, அவர் போனப்புறம் ஆறு வருஷம் ஷெட்ல நின்னு அப்புறம் அவங்க பென்ஷன் பணத்துல கொஞ்சம் கொஞ்சமா எடுத்து கட்டுன வண்டி. முன்னாடி பின்னாடி பம்பர், பம்பர் மேல நிக்கற ஓவர்ரைடர் கட்டை நாலு, ஹெட்லைட் ரிம், எல்லாம் என்கிட்டதான் வந்துச்சு. பம்பர்ல மூணு எடத்துல ஒடுக்கு, உள்பக்கம் துரு செதில் செதிலா. நிமித்தறதுக்கே நாலு நாள். அப்புறம் சொரசொரப்பான எமரி 80ல ஆரம்பிச்சு 120, 180, 240ன்னு நைஸா ஏறி, சைசல் நார்ச் சக்கரத்துல பஃப், அப்புறம் துணி பஃப். காப்பர் போட்டு திரும்ப பஃப் பண்ணி, குழி தெரிஞ்ச எடத்துல மறுபடியும் காப்பர் ஏத்தி, திரும்ப தேய்ச்சோம். அதுக்கு மேல செமி பிரைட் நிக்கல், பிரைட் நிக்கல், கடைசில ட்ரைவேலண்ட் குரோம். நிக்கல் மட்டும் 30 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) இருக்கணும்னு நின்னு வாங்கினேன், யூனிட்ல எக்ஸ்ரே விட்டு பூச்சு கனம் அளக்கற எக்ஸ்ஆர்எஃப் மெஷின் இருக்கு, அதுல அளந்து குடுத்த சீட்டையும் அந்தம்மாகிட்ட குடுத்தேன். இந்த ரூல் வர்றதுக்கு முன்னாடியே முடிச்சு குடுத்த வேல இது.

உங்க ஜட்ஜ் டார்ச் அடிச்சு பாத்துட்டு கலர் லேசா டார்க்கா இருக்கு, இது ஒரிஜினல் குரோம் இல்ல, டூப்ளிகேட்னு சொல்லி 12 புள்ளி கழிச்சாரு. அந்த சீட்ட அந்தம்மா நீட்டுனாங்க, அவர் வாங்கி பாக்கவே இல்ல. டூப்ளிகேட்னு ஒரு வார்த்தைய அத்தன பேர் முன்னாடி சொன்னது அந்தம்மாவ எவ்வளவு சுட்டுச்சுன்னு எனக்கு தெரியும், அன்னிக்கு சாயந்திரம் எனக்கு போன் பண்ணி "தம்பி, நீங்க என்ன ஏமாத்திட்டீங்களா"ன்னு கேட்டாங்க.

அதனால மொதல்ல இந்த டூப்ளிகேட் விஷயத்த பேசிடலாம். ஹெக்ஸாவேலண்ட், ட்ரைவேலண்ட்ங்கறது டேங்க்ல இருக்கற தண்ணில குரோமியம் எந்த நிலைல கரைஞ்சிருக்குங்கறத சொல்ற பேரு, பம்பர் மேல படியறதோட பேரு கிடையாது. பம்பர்ல ஏறினதுக்கப்புறம் ரெண்டுமே குரோமியம் உலோகம்தான். ட்ரைவேலண்ட்ல அதோட கொஞ்சம் கார்பன், இரும்பு சேந்து படியும், அதனால சாயல் மாறும், அத நான் மறைக்கல. ட்ரைவேலண்ட்லயே குளோரைட் பாத்ல (பாத்னா டேங்க்ல இருக்கற கரைசல்) கொஞ்சம் டார்க்கா வரும், சல்ஃபேட் பாத்ல பழைய குரோமுக்கு ரொம்ப பக்கத்துல வரும். பக்கத்து பக்கத்துல வெச்சு பாத்தா தொழில் தெரிஞ்சவனுக்கு தெரியும். அந்த சாயலுக்கு ரெண்டு புள்ளி கழிச்சிருந்தா நான் வாய மூடிட்டு இருந்திருப்பேன்.

இன்னொன்னு, நீங்க குரோம்னு பாக்கற அந்த லேயர் கால் மைக்ரான், அரை மைக்ரான் கனம்தான். நம்ம தலமுடி ஒண்ணு 70 மைக்ரான் கிட்ட இருக்கும், அப்போ யோசிச்சு பாருங்க. கண்ணாடி மாதிரி முகம் தெரியறது கீழ இருக்கற நிக்கலாலயும் அதுக்கும் கீழ பாலிஷ் போட்டவன் கையாலயும் வர்றது. துருவ தடுக்கறதும் நிக்கல்தான், குரோம் அந்த நிக்கல் மங்காம பாத்துக்கும், கீறல் விழாம பாத்துக்கும், லேசா நீலம் கலந்த வெள்ளைய குடுக்கும், அவ்ளோதான் அதோட வேல. நீங்க கழிச்ச 12 புள்ளி மேல இருக்கற அரை மைக்ரானுக்கு, கீழ இருக்கற 30 மைக்ரானுக்கு உங்க மதிப்பெண் பேப்பர்ல ஒரு கட்டம் கூட இல்ல.

இப்போ அந்த பம்பர் என்ன ஆச்சுன்னு கேளுங்க. அந்தம்மாவோட பையன் கோவத்துல ரெண்டு பம்பரையும் கழட்டி, "அசல் ஹெக்ஸ் குரோம்" பண்றோம்னு சொன்ன ஒரு எடத்துக்கு எடுத்துட்டு போயிட்டாரு. சிட்டிக்கு வெளில ஒரு தகர ஷெட். போர்டு இல்ல. எனக்கு விஷயம் தெரிஞ்சு நான் போய் சேர்றதுக்குள்ள பம்பர ஆசிட்ல போட்டு நாங்க ஏத்துன எல்லாத்தையும் உரிச்சிருந்தாங்க. மெல்லிசான ஓரத்துல இரும்பு அரிச்சு போயிருந்துச்சு, அந்த இரும்பு இனிமே வராது. காப்பர் இல்லாம நேரா நிக்கல்ல கொஞ்ச நேரம் காட்டிட்டு குரோம்ல முக்கி எடுத்தாங்க. அன்னிக்கு பளபளன்னுதான் இருந்துச்சு. ஆடி மாசத்துலயே ஓரத்துல பொடிப்பொடியா பழுப்பு புள்ளி, ஐப்பசி மழை முடியறதுக்குள்ள ஓவர்ரைடர் கீழ விரல வெச்சு தள்ளுனா செதில் கழண்டு வருது. திருவான்மியூர் உப்புக் காத்து எந்த பம்பருக்கும் இரக்கம் காட்டாது சார். ஆனா உங்க ரூல் படி வர்ற ஜனவரில இந்த பம்பருக்குத்தான் முழு புள்ளி.

பம்பர் போனா போகட்டும். நான் எழுதறது அந்த ஷெட்ல பாத்த பையனுக்காக. 19, 20 வயசு இருக்கும், வேலை தேடி தூரத்துல இருந்து வந்த பையன். கைல கிளவுஸ் இல்ல. கால்ல ரப்பர் செருப்பு. டேங்க்ல கரும்சிவப்பா கொதிக்கற மாதிரி நுரைச்சிட்டு இருக்கு, மேல எக்ஸாஸ்ட் இல்ல, புகைய அடக்கற மருந்தும் போடல. கழுவுன மஞ்சள் தண்ணி அப்படியே சுவத்துல ஓட்ட வழியா வெளில காவாய்க்கு போகுது. நான் அவன் மூக்கதான் பாத்தேன். ரெண்டு துவாரத்துலயும் பொருக்கு. "ரத்தம் வருதா"ன்னு கேட்டேன், காலைல மட்டும் வரும்னான், கைய காட்டுனான், புறங்கைல பென்சில வெச்சு குத்துன மாதிரி ரெண்டு ஆழமான புண்ணு. வலிக்கலையாம். குரோம் புண்ணு அப்படித்தான், பாக்க பயமா இருக்கும், வலி ரொம்ப தெரியாது, அதனாலயே யாரும் டாக்டர்கிட்ட போக மாட்டாங்க.

எனக்கு எப்படி தெரியும்னா என் மூக்கு நடுத்தண்டுல ஒரு ஓட்ட இருக்கு. நாங்க சேர்றப்போ பெரியவங்க சொல்லிக்குடுத்த பாதுகாப்பு ஒண்ணே ஒண்ணுதான், டேங்க்குக்கு போறதுக்கு முன்னாடி மூக்குல வாசலின் தடவிக்கோன்னு. நானும் தடவிட்டுதான் நின்னேன். ஏழாவது வருஷம் மூச்சு விடறப்போ சன்னமா விசில் சத்தம் கேட்டுச்சு, என் வீட்டுக்காரிதான் ராத்திரில கவனிச்சா. இஎன்டி டாக்டர் லைட் அடிச்சு பாத்துட்டு இந்தப் பக்கம் பாத்தா அந்தப் பக்கம் தெரியுதுன்னு சொன்னாரு, என்ன வேலன்னு கேட்டாரு, சொன்னதும் வேற கேள்வியே கேக்கல. அதுக்கப்புறமும் வீட்டு நெலமைக்கு ஏழு வருஷம் அதே டேங்க்ல நின்னேன்.

ஏன் இப்படி ஆகுதுன்னா, ஹெக்ஸ் குரோம் டேங்க்ல நீங்க அனுப்பற கரண்ட்ல நூத்துக்கு 10, 20 பங்குதான் பூச்சுக்கு போகும். மீதியெல்லாம் ஹைட்ரஜன், ஆக்சிஜன்னு குமிழா கெளம்பி மேல வந்து வெடிக்கும், வெடிக்கறப்போ லிட்டருக்கு 250 கிராம் குரோமிக் ஆசிட் கலந்த தண்ணிய பொடித் தூறலா காத்துல தூக்கி விடும். அததான் பக்கத்துல நிக்கறவன் இழுக்கறான். உலக சுகாதார அமைப்போட கேன்சர் ஆராய்ச்சிப் பிரிவு ஹெக்ஸாவேலண்ட் குரோமியத்த மனுஷனுக்கு கேன்சர் உண்டாக்கும்னு உறுதியான மொதல் பட்டியல்ல வெச்சிருக்கு. ஐரோப்பால 2017 செப்டம்பருக்கு அப்புறம் தனி அனுமதி இல்லாம குரோமிக் ஆசிட்ட உபயோகிக்க முடியாது. கஸ்டம் கார் குரோமுக்கு பேர் போன கலிஃபோர்னியாவுலயே 2023ல முடிவு எடுத்து, அலங்கார குரோமுக்கு ஹெக்ஸ் முறை 2027 ஜனவரில இருந்து கூடாதுன்னு சொல்லிட்டாங்க, கூடுதல் கட்டுப்பாட்டுக்கு ஒத்துக்கிட்ட யூனிட்டுக்கு மட்டும் 2030 வரைக்கும் டைம். நீங்க யார பாத்து இந்த பைத்தியத்த கத்துக்கிட்டீங்களோ அந்த ஊரே விட்டுட்டு போகுது சார்.

நம்ம ஊருக்கு இது புதுசும் இல்ல. குரோம்பேட்டைக்கு அந்தப் பேரே குரோம் லெதர் ஃபேக்டரியால வந்தது. ராணிப்பேட்டைல குரோமேட் தயாரிச்ச ஃபேக்டரிய மூடுனப்புறம் ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல கழிவு மலையா வருஷக்கணக்கா கெடந்து மழைத் தண்ணியோட நிலத்தடிக்கு இறங்குன கதை, அந்தப் பக்கம் சொந்தக்காரங்க இருக்கற எல்லாருக்கும் தெரியும், கெணத்துல மஞ்சத் தண்ணி. நம்ம குடிதண்ணில மொத்த குரோமியமே லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல இருக்கக் கூடாதுன்னு விதி. அந்த ஷெட்ல ஒரு பம்பர கழுவி விடற தண்ணி எத்தன தொட்டிய கெடுக்கும்னு நீங்களே கணக்கு போடுங்க.

முறைப்படி பண்றவங்க இருக்காங்க, அவங்கள நான் ஒரு வார்த்த கூட தப்பா சொல்ல மாட்டேன். எலக்ட்ரோபிளேட்டிங் அதிகமா மாசு பண்ற சிவப்பு வகைல வர்ற தொழில், மாசு கட்டுப்பாட்டு வாரியத்தோட கன்சென்ட், அதாவது அனுமதி, வேணும், கழிவுத் தண்ணில ஆசிட் விட்டு மெட்டாபைசல்ஃபைட் போட்டு ஹெக்ஸ ட்ரையா மாத்தி, அப்புறம் சுண்ணாம்பு போட்டு பச்ச சேறா படிய வெச்சு, அந்த சேத்த காய வெச்சு மூட்ட கட்டி கும்மிடிப்பூண்டில அபாயக் கழிவ வாங்கற எடத்துக்கு காசு குடுத்து அனுப்பணும். இவ்வளவும் பண்றவங்க ரெண்டு பம்பருக்காக டேங்க்க திறந்து வெச்சிட்டு உக்கார முடியாது, அவங்களுக்கு கம்பெனி ஆர்டர் வேணும். புதுப்பேட்டைல யார வேணா கேட்டு பாருங்க, ஒத்த பம்பர், ஒத்த கிரில்ல எடுத்துக்கற பெரிய யூனிட் எத்தன இருக்குன்னு. அப்போ ஹெக்ஸ்தான் வேணும்னு நீங்க கட்டாயப்படுத்துனா, வண்டிக்காரர் போய் நிக்கறது போர்டு இல்லாத ஷெட்லதான். இத நீங்க யோசிச்சிருக்க மாட்டீங்கன்னு நம்பறேன். இப்போ சொல்லிட்டேன்.

ட்ரைவேலண்ட்ல குறையே இல்லன்னு சொன்னா அது பொய். பாத் ரொம்ப நுணுக்கமானது, கொஞ்சம் இரும்போ காப்பரோ ஜிங்க்கோ கலந்தா உடனே கறை காட்டும். பழைய ஹெக்ஸ்ல ஒரு நன்மை, பூச்சு ஏறாத உள்பக்கத்தையும் அந்த ஆசிட் கொஞ்சம் துரு பிடிக்காம பண்ணி விடும், ட்ரைல அது கிடையாது, அதனால பம்பர் உள்பக்கம், பைப் உள்பக்கம் ப்ரைமர் அடிச்சே ஆகணும், நாங்க ஜிங்க் ப்ரைமர் அடிச்சு குடுக்கறோம். நிக்கல் டேங்க்கும் சாது கிடையாது, நிக்கல் உப்பும் உடம்புக்கு கெடுதல்தான், அங்கயும் எக்ஸாஸ்ட் வேணும். ஆனா ட்ரை குரோம் டேங்க்ல நிக்கற பையனோட மூக்குல ஓட்ட விழாது, எனக்கு அந்த வித்தியாசம் போதும்.

"ஒரிஜினல்"ங்கற வார்த்தைய பத்தியும் கேக்கணும். 1920கள் கடைசி வரைக்கும் கார்ல இருந்த பளபளப்பு நிக்கல்தான், குரோம் அதுக்கப்புறம் வந்தது. 1928, 29 ஃபோர்டு மாடல் ஏவோட ரேடியேட்டர் ஷெல் நிக்கல், 1930, 31ல அதே மாடலுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அப்போ ஒரு 28 மாடல் ஏவ நிக்கல்ல சரியா பண்ணி கொண்டு வந்தா உங்க ரூல் படி அது மாற்றுப் பூச்சு, அதையே குரோம்ல முக்கி கொண்டு வந்தா முழு புள்ளி. சரித்திரப்படி தப்பா இருக்கற வண்டிக்கு முழு புள்ளி குடுக்கற ரூல எப்படி சார் ஒரிஜினலுக்கான ரூல்னு சொல்றது? நிக்கல்ல ஒரு இதமான மஞ்சள் சாயல் இருக்கும், சாயந்திர வெயில்ல பாத்தா குரோம் கிட்டயே வராது, இது என் சொந்த ரசனை.

கஸ்டம் பசங்க விஷயம் இன்னும் மோசம், இது உயிர் சம்பந்தப்பட்டது. அடிப்பக்கம் முழுக்க குரோம் பண்ணா கூடுதல் புள்ளின்னு நீங்க போட்டதுல இருந்து சஸ்பென்ஷன் ஸ்பிரிங், ஸ்டியரிங் ஆர்ம், ஹை டென்சைல் போல்ட்னு தூக்கிட்டு வர்றானுங்க. துருவ எடுக்கற பிக்கிளிங் ஆசிட்லயும் பிளேட்டிங்லயும் கெளம்பற ஹைட்ரஜன் கெட்டியான ஸ்டீலுக்குள்ள போய் உக்காந்துக்கும், ஸ்டீல் கண்ணாடி மாதிரி உடையற குணத்துக்கு வந்துடும். அத வெளியேத்த பிளேட்டிங் முடிஞ்ச நாலு மணி நேரத்துக்குள்ள 190ல இருந்து 220 டிகிரில மணிக்கணக்கா சூடு பண்ணணும், ஷெட்டுக்காரன் எவன் பண்றான்? போன வருஷம் ஒரு பையன் நான் மாட்டேன்னு சொல்லியும் கேக்காம வேற எடத்துல 12.9 கிரேட்னு சொல்ற ரொம்ப கெட்டியான போல்ட்டுக்கு குரோம் போட்டுட்டு வந்து என் பட்டறைலயே ராத்திரி மாட்டி டைட் பண்ணிட்டு போனான், காலைல வந்து ஷட்டர தூக்குனா ரெண்டு போல்ட்டோட தலை தரைல கெடக்குது. வண்டி நின்ன எடத்துல நிக்குது, யாரும் தொடல. அது ஈசிஆர்ல போறப்போ உடைஞ்சிருந்தா? அந்த பாகத்துக்கெல்லாம் பவுடர் கோட்டிங் போதும், போல்ட்டுக்கு ஜிங்க் ஃப்ளேக் கோட்டிங் இருக்கு, அலுமினியமா இருந்தா அனோடைசிங் இருக்கு, வண்டி உள்ளார டேஷ்போர்டு பீஸுக்கு வெள்ளிய ஸ்ப்ரே பண்ணி மேல கிளியர் அடிக்கற முறை கூட இருக்கு, கல்லு தெறிக்கற பம்பருக்கு அது நிக்காது, உள்ளாருக்கு நல்லாவே நிக்கும். ஸ்டெயின்லெஸ் பாகத்த தேய்ச்சு பாலிஷ் போட்டா குரோம் வேணுமான்னே தோணாது. எதுக்கு எது பொருந்தும்னு தெரிஞ்சு பண்ணவனுக்கு புள்ளி குடுங்க, எல்லாத்தையும் ஒரே டேங்க்ல முக்குனவனுக்கு குடுக்காதீங்க.

நான் கேக்கறது இதுதான். ஹெக்ஸ் அல்லாத பூச்சுக்கு புள்ளி கழிக்கற ரூல ஜனவரி ஷோவுக்கு முன்னாடி வாபஸ் வாங்குங்க. அதுக்கு பதிலா கீழ இருக்கற வேலைக்கு புள்ளி வெய்யுங்க, குழி இருக்கா, ஓரத்துல செதில் இருக்கா, எழுத்து முத்திரை அழிஞ்சு போற அளவுக்கு பஃப் பண்ணியிருக்காங்களா, நிக்கல் எத்தன மைக்ரான்னு பாருங்க. பூச்சு கனம் அளக்கற சாதாரண காந்த கேஜ் நிக்கல் மேல சரியா காட்டாது, எக்ஸ்ஆர்எஃப்ல எடுத்த சீட்ட வண்டியோட கொண்டு வரச் சொல்லுங்க. பிளேட்டிங் எங்க பண்ணதுன்னு பில்லோட ஒரு பேப்பர் கேளுங்க, கன்சென்ட் இருக்கற யூனிட்டா இருக்கணும், இல்லன்னா அந்த பாகத்துக்கு புள்ளியே வேண்டாம், ஹெக்ஸா இருந்தாலும் சரி ட்ரையா இருந்தாலும் சரி. 1930க்கு முந்தின வண்டிங்கள அந்தந்த வண்டியோட சரித்திரப்படி பாருங்க. ஸ்டியரிங், பிரேக், சஸ்பென்ஷன் சம்பந்தப்பட்ட எந்த பாகத்துலயும் குரோமுக்கு கூடுதல் புள்ளி கிடையாதுன்னு எழுத்துல போடுங்க, இத ஜனவரி வரைக்கும் கூட தள்ளாதீங்க, இந்த வாரமே போடுங்க. ஜட்ஜ் குழுவுல பிளேட்டிங் தொழில்ல இருந்த ஒருத்தர சேருங்க, நான்தான் வரணும்னு இல்ல, நான் சொன்ன காரணத்தால நான் வரவும் மாட்டேன், வேற நாலு பேர் பேர் தர்றேன்.

கடைசியா, அந்த டீச்சரம்மாகிட்ட கமிட்டில இருந்து யாராவது நேர்ல போய் அன்னிக்கு டூப்ளிகேட்னு சொன்னது தப்புன்னு சொல்லுங்க. அவங்க பம்பர நான் மறுபடியும் எடுத்துட்டு வந்துட்டேன், அரிச்ச ஓரத்துக்கு வெல்டு வெச்சு கட்டிட்டு இருக்கேன், கூலி வாங்க மாட்டேன். ஜனவரிக்குள்ள வண்டி ரெடி ஆயிடும், ட்ரைவேலண்ட்லதான் வரும். அந்த வண்டிக்கு எந்த ரூல் படி புள்ளி போடப் போறீங்கன்னு டிசம்பர் 15க்குள்ள எழுத்துல பதில் வேணும்.

இப்படிக்கு,
அம்பத்தூர்ல இருந்து ஒரு பழைய குரோம் டேங்க் ஆள்